பின்னாடி வருது

தமிழழகன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக உங்களுக்கு அவன்மேல் கோபம் வரும். பகலில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பான், முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். குடி கிடையாது, வீண் வம்பு கிடையாது. கீபோர்டு என்று வந்துவிட்டால் மட்டும் கண்மண் தெரியாது. குழுவில் புதிது வாங்கியபோது பழையதைக் கேட்டுக் கெஞ்சி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதைத் துடைக்கத் தனியாக ஒரு துணி வைத்திருந்தான். அந்தத் துணியை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது.

அவன் மனைவி எழில்மதி கச்சிராயபாளையத்துப் பெண், அவனுக்கு அத்தை மகள். கருணாபுரத்து வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள். காலுக்கும் வாய்க்கும் ஒரே கணக்கு. நூல் அறுந்தால் பாட்டும் நிற்கும்; கோத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது, விட்ட இடத்தில் அச்சுப் பிசகாமல் வந்து உட்கார்வாள். துணி கொடுக்க வந்த பெண்கள், கொடுத்த பிறகும் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்தக் குரலைக் கரியாலூர் செல்லியம்மாள் ஒரு கல்யாண வீட்டில் கேட்டார். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிற குடும்பம் அவருடையது. ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவை எடுத்து நடத்துவதில் அவர் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு நாள் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, விசாரித்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்க அம்மனுக்குப் புதுசா ஒரு பாட்டு ஓணும்பா. திருழாவுல மைக் செட்ல போடறதுக்கு. நீ மெட்டு போடு, இன்னா ஓணா பண்ணு. ஆனா கொரலு இந்தப் பொண்ணோடதா இருக்கணும்."

எழில்மதி வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் போன பிறகுதான் கேட்டாள்.

"பாட்டு போடறப்போ, பாடனது யாருன்னு மைக்ல பேரு சொல்லுவாங்களா மாமா?"

"சொல்லாம?"

அன்றைக்கு அவள் தைத்த ரவிக்கைகளில் ஒன்றில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

பாட்டைப் பதிவு செய்ய ஒரு டேப் இருந்தது, பெரிய போன் மாதிரி தொடுதிரை வைத்த டேப்லெட். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற அவள் தம்பி ஆகாஷ், "அக்கா, இதுல பாடி அனுப்பு" என்று கொடுத்துவிட்டுப் போனது. வந்த நாளிலிருந்து அது அழகனிடம்தான் இருந்தது. பம்பை, உடுக்கை, நாயனம் என்று எல்லாச் சத்தமும் அதற்குள் இருந்தது. விரலால் தட்டித் தட்டி அடுக்கிப் பழகிவிட்டான். ஆனால் கீபோர்டை அதில் சேர்க்கவும் மைக்கைச் சேர்க்கவும் நடுவில் ஒரு பெட்டி வேண்டும். இன்டர்ஃபேஸ் என்பார்கள். அதை வாங்கத்தான் சுபுஹான் பாய் கடைக்குப் போனான்.

பாய் கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது. ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றுவதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் வைப்பதுவரை அங்கே நடக்கும். பாய் இரண்டு பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். இரண்டும் டிபன் பாக்ஸ் அளவுதான். ஒன்றில் மைக்குக்கு ஓட்டை, ஹெட்போனுக்கு ஓட்டை, நடுவில் ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி ஒரு திருகு. கீபோர்டுக்கு இடம் இல்லை. மற்றதில் மைக்கோடு, பின்பக்கம் கீபோர்டு ஒயரைச் சொருகுகிற வட்டமான மிடி சாக்கெட்டும் இருந்தது. அழகனுடைய பழைய கீபோர்டின் முதுகில் இருக்கிற அதே சாக்கெட். பார்த்ததுமே அவன் கை அதற்குப் போய்விட்டது.

"இரு, அவசரப்படாத," என்றார் பாய். "இந்தத் திருகு இருக்குது பாரு, இது இருந்தா பாடறவங்க கொரலு பெட்டியிலேர்ந்து நேரா அவங்க காதுக்குப் போயிடும். நீ எடுத்ததுல அது இல்ல. கொரலு டேபுக்குள்ள போயி, சுத்திக்கினு, அப்பறம்தான் காதுக்கு வரும். கொஞ்சம் லேட்டாவும்."

"எவ்ளோ லேட்டு பாய்?"

"கண்ணு மூடித் தொறக்கற நேரம்கூட இல்ல. ஆனா பாடறவங்களுக்கு அதுவே ஜாஸ்தி. தன் கொரலே தனக்கு இம்சையாப் பூடும். நான் சொல்றேன், திருகு இருக்கறத எடுத்துக்க. கீபோர்டுக்கு மிடி ஒயரு தனியா விக்குது. ஒரு ஹப்பு போட்டா ரெண்டையும் டேபுல சொருவிக்கலாம்."

"டேபுல இருக்கறது ஒரே ஓட்டை பாய். அதுல ஹப்பு, ஹப்புல ஒரு ஒயரு, அதுல இன்னொரு ஒயரு. வூடு பூரா துணிக்கொடி கட்டன மாதிரி ஆயிடும். இதுவே போதும்."

"பாடறது யாரு?"

"நம்ம வூட்லதான்."

"அப்ப ஒரு நாளைக்குக் கூட்டினு வா. ரெண்டையும் காதுல மாட்டிப் பாக்கட்டும். அப்பறம் எடுத்துக்க."

"எதுக்கு பாய், அவளுக்கு இதுல இன்னா தெரியும். அதெல்லாம் சமாளிச்சுக்குவா."

பாய் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாங்குகிறவன் இஷ்டம். அழகன் தன் கீபோர்டுக்கு ஏற்ற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தான். பாய் சொன்னது கருணாபுரம் திரும்புவதற்குள் மறந்துவிட்டது. மிடி ஒயரைச் சொருகியதும் கீபோர்டும் டேபும் ஒன்றோடொன்று பேசின. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க நாயனத்தை வாசித்து வாசித்துச் சேர்த்தான். அடுக்கு ஏற ஏற டேப் திணறிக் கரகரத்தது. செட்டிங்கில் பஃபர் என்று ஒன்று இருந்தது, அதைக் கடைசிவரை கூட்டினான். கரகரப்பு நின்றது. கூட்டினால் குரல் இன்னும் தாமதமாகும் என்று அதற்குக் கீழேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. சத்தம் சரியான பிறகு யார் படிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதிவு. சுவரில் போர்வை மாட்டி, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தினான். எழில்மதி தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டான். உடுக்கை ஒரு சுற்று வந்து முடிந்ததும், அவள் சரியாக எடுத்தாள். முதல் வரி நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது வரியில் தொய்ந்தது. மூன்றாவதில் உடுக்கை முன்னால் போய்விட்டது, அவள் எங்கேயோ நின்றுவிட்டாள்.

"மாமா, பின்னாடி வருது," என்றாள்.

"ஆமா, பின்னாடிதான் வருது. மறுபடி போடறேன், சரியா வா."

மறுபடியும் அதே கதை.

"பின்னாடி வருது மாமா."

"அதத்தான் நானும் சொல்றேன். பின்னாடி வராத, தாளத்தோட வா."

"இல்ல, கொரலு..."

"கொரலு நல்லாத்தான் இருக்குது. தாளம்தான் இல்ல."

கச்சேரிக்காரர்கள் ஒருவன் தாளத்துக்குப் பிந்தினால் 'பின்னாடி வர்ற' என்பார்கள். அழகனுக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஓர் அர்த்தம்தான் தெரியும். அவளோ காதில் கேட்டதைச் சொன்னாள். வாயிலிருந்து போன குரல் கொஞ்சம் பொறுத்துப் பின்னால் வருகிறது. அது வரட்டும் என்று தன்னை அறியாமல் அவள் காத்திருக்கிறாள். காத்திருந்தால் உடுக்கை ஓடிவிடுகிறது. இதை அவள் வேறு எப்படிச் சொல்வாள்? முழுசாகச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான்.

ஒரு தடவை அவளாகவே ஒரு பக்கத்து ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டாள். அந்தத் தடவை பாட்டு கயிறு பிடித்தாற்போல நேராக வந்தது. அந்தத் தடவைதான் அழகனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"கழட்டாத. ஹெட்போன்ல ஓடற டிராக்கு மைக்ல உழுது."

அவள் அதை மறுபடி காதில் அழுத்திக்கொண்டாள். மறுபடி தொய்ந்தது. போர்வை மாட்டிய அறையில் காற்று இல்லை, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் நடுவரியில் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தபோது, அழகன் சொன்னான்:

"இத்தினி நாளா மிஷின் சத்தத்துல தெரியல. உனக்குத் தாளமே இல்ல எழிலு."

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கீபோர்டுமேல் வைத்தாள்.

"அதும் மேல வெக்காத," என்றான்.

எடுத்துப் பாயில் வைத்தாள். எழுந்து போய் அரிசி களைந்தாள். அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டே அழகன் செல்லியம்மாளுக்குப் போன் போட்டான். "அவளுக்குத் தாளம் நிக்கலீங்கம்மா. எங்க குழுவுல பாடற பொண்ணு ஒண்ணு இருக்குது, நல்ல கொரலு. அத வெச்சு முடிச்சுடறேன்." அரிசியைக் களைந்த தண்ணீரை எழில்மதி கீழே ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் பிடித்து மறுபடி களைந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. துணி கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். அழகனுக்கு என்னவோ குறைவதுபோல இருந்தது. கோபம் தணிந்தால் பாடுவாள் என்று நினைத்தான். அவளுக்குக் கோபமே இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

குழுவில் பாடுகிற அபிநயா விழுப்புரத்திலிருந்து வந்தாள். எழில்மதிதான் டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அபிநயா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை வரி பாடினாள், நிறுத்தினாள்.

"அண்ணே, டிலே வருது."

"டிலேவா?"

"என் வாய்ஸு எனக்கே லேட்டாக் கேக்குது. இப்படிக் கேட்டா யாராலயும் தாளத்துல நிக்க முடியாதுண்ணே. பரவால்ல, ஒரு காத எடுத்துக்கறேன். சத்தத்த மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க."

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க," என்றான் அழகன்.

சொல்லி முடித்த பிறகுதான், இதே காரியத்துக்கு இதே பாயில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தியை என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அடுப்படிப் பக்கம் பார்த்தான். டிலே என்ற சொல் எழில்மதிக்குத் தெரியாது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அபிநயாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு சீக்கிரமே முடிந்தது. "எவ்ளோ அழகாத் தாளத்துல நிக்கறீங்க," என்று எழில்மதி அந்தப் பெண்ணிடம் மனசாரச் சொன்னாள், பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போய் வழியனுப்பினாள்.

அவள் வருவதற்குள் அழகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தானே பாடிப் பார்த்தான். நாலு சொல் தாண்டவில்லை. தன் குரல் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. நாக்கு குழறி நின்றது. பின்னாடி வருது, என்று தனக்குத்தானே சொன்னான். சொன்னபோதுதான் அந்தச் சொல் புரிந்தது. பாய் கடையில் சொன்னது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. 'அவளுக்கு இன்னா தெரியும்' என்று தான் சொன்னதும் வந்தது. எவளோ வந்து இங்கிலீஷில் ஒரு சொல் சொன்னால் உடனே எடுத்துக்கங்க என்கிறோம், கட்டியவள் தமிழில் சொன்னது மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான்.

திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், எழில்மதியைப் பாடவைத்து மாற்றியிருக்கலாம். ஆனால் அதற்கு அவளிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும், செல்லியம்மாளிடம் சொல்ல வேண்டும், அபிநயாவிடமும் ஏதாவது சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டே இருந்தான். அபிநயா பாடியதையே கரியாலூருக்கு அனுப்பிவிட்டான். நான் சொன்ன கோபம் உங்களுக்கு இப்போது வந்திருக்கும்.

திருவிழாவுக்கு இரண்டு பேரும் போனார்கள். செல்லியம்மாள் போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார். பஸ் வளைந்து வளைந்து மலை ஏற, எழில்மதி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையில் பூ கசங்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். கரியாலூரில் இறங்கும்போதே பாட்டு கேட்டது. பலாமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அழகனின் நாயனமும் உடுக்கையும் மலை முழுக்கக் கேட்டன. பாட்டு முடிந்ததும் மைக்கில் சொன்னார்கள்: "பாடியவர் அபிநயா. இசை, கள்ளக்குறிச்சி தமிழழகன்." தன் பெயரைக் குழாயில் கேட்பதற்காக எத்தனை வருஷமாக அழகன் ஏங்கியிருக்கிறான். இப்போது மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம் போலிருந்தது.

செல்லியம்மாள் எழில்மதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணும் நல்லாத்தான் பாடுது கண்ணு. இருந்தாலும் எனக்கு மனசு ஆறல. நீதான் பாடணும்னு நெனச்சிக்கினு வந்தேன்."

"எனக்குத் தாளம் நிக்காதுங்கம்மா," என்றாள் எழில்மதி. "எனக்கே தெரியாது. இவருதான் கண்டுபுடிச்சாரு. இல்லாட்டி நான் பாட்டுக்கு எல்லார் எதிர்லயும் தப்புத் தப்பாப் பாடிக்கினே இருந்திருப்பேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் அழகன் தாங்கியிருப்பான். அவள் நன்றியோடு சொன்னாள். இப்போதாவது வாயைத் திறடா என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். அழகன் பொங்கல் பானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். எழில்மதியையும் இழுத்தார்கள். "வேணாங்க. நான் வந்தா உங்களுக்கும் தப்பிடும்," என்று சிரித்துக்கொண்டே விலகிக்கொண்டாள். கும்மி அடிக்கிறவர்களின் பைகளையும் ஒருத்தியின் கைக்குழந்தையையும் வாங்கி வைத்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே நின்றாள். குழந்தை கைதட்டியது. அவள் கை சும்மா இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பாய் கடைக்குப் போனான். பெட்டியை மேஜைமேல் வைத்து, "அந்தத் திருகு வெச்சது குடுங்க பாய்," என்றான். பாய் அவன் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாப்பா, அவங்களுக்கு ஒத்து வரலியா?"

"எனக்குத்தான் பாய் ஒத்து வரல."

ஹப்பும் மிடி ஒயரும் சேர்த்து வாங்கிக்கொண்டான். வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது, அவன் பயந்ததுபோலவே துணிக்கொடி கட்டிய மாதிரிதான் இருந்தது. எழில்மதி மிஷினில் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அவன் போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"எழிலு, தப்பு உன்னோடது இல்ல. பெட்டியோடது." நிறுத்தினான். "பெட்டியோடதும் இல்ல. அதுல பாடறவங்களுக்குக் கஷ்டம்னு பாய் அன்னிக்கே சொன்னாரு. உன்னக் கூட்டினு வரச் சொன்னாரு. நான்தான் கேக்கல. கீபோர்டுக்கு ஓட்டை இருந்தா போதும்னு வாங்கினு வந்துட்டேன். கொரலு லேட்டா வந்திருக்குது. அந்தப் பொண்ணு வந்து சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல."

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். பாவாடை விளிம்பை விரலால் தடவினாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாமா. பின்னாடி வருதுன்னு."

"நீ தாளத்துக்குப் பின்னாடி வரேன்னு சொல்றதா நெனச்சேன்."

"நான் பின்னாடி வந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அப்பல்லாம் தெரியும். இப்பத்தான் தெரியல."

அவன் அவள் கையைப் பிடித்து எழுப்பிப் பாயில் உட்காரவைத்தான். ஹெட்போனை மாட்டி, திருகை அவள் பக்கம் திருப்பிவைத்தான்.

"ஏதாவது சொல்லு."

"ஏதாவது," என்றாள். அவள் கண் விரிந்தது. இன்னொரு தடவை, மெதுவாக, "ஏதாவது" என்றாள். "ஒண்ணா வருது மாமா."

அழகனுக்கு உயிர் வந்தது. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு இந்தக் குரலைத்தான் போட வேண்டும், செல்லியம்மாளிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அந்த ஒரு நொடிக்குள் என்னென்னவோ முடிவு செய்தான். டிராக்கைப் போட்டான். உடுக்கை ஒரு சுற்று சுற்றி அவள் எடுக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. எழில்மதி வாயைத் திறந்தாள். திறந்தபடி அவன் கையைப் பார்த்தாள்.

அவன் கையைத் தூக்கிக் காட்டுவதற்குள் இடம் தாண்டிப் போய்விட்டது.

"இப்பவா மாமா எடுக்கணும்?" என்று கேட்டாள்.

"நீயா எடு எழிலு. உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது மாமா. நீ கை காட்டு."

அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான். மிஷினில் ஒரு நாளும் ஓயாத அவள் கால் பாயின்மேல் அசையாமல் இருந்தது. உடுக்கை சுற்றி வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.